எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஆனா...

இவரைத் தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டியதில்லை. எந்தத் தெருவிலும், எந்தக் கடையிலும், எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். இவருடைய இனத்துக்குப் பெயர் 'எனக்கு ஒண்ணும் இல்லைக்காரர்'. இவர் யாரையும் வெறுக்க மாட்டார், யாரையும் விரட்ட மாட்டார், யார் முகத்திலும் கதவை அறைந்து சாத்த மாட்டார், கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, முகம் நிறையச் சிரித்து, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஆனா..." என்று இழுப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் எப்போதும் வேறு யாரோ ஒருவர் நிற்பார். அவர்தான் பொல்லாதவர். இவர் தங்கம்.

இந்த இனத்தைக் கரைத்துக் குடித்தவன் ஒரு வாஷிங் மெஷின் மெக்கானிக். சிநேகிதர்கள் ஒரு கிடங்கை உடைத்து டிவி பெட்டிகளைத் தூக்கி வந்தபோது வெளியே வண்டியோடு காத்திருந்தவன் இவன்தான். நான்கு வருடம் சிறை. துணி துவைக்கும் ராட்சச மெஷின்களைக் கழற்றி மாட்டும் வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டான். வெளியே வந்த பிறகு அக்கா வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறான். அக்கா புருஷன் நல்ல மனிதர்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள, நீ எத்தனை நாள் வேணும்னாலும் இரு. ஆனா வீட்டு ஓனர் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

வீட்டு ஓனர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல வருடம் ஆகிறது.

மெக்கானிக்குக்கு ஒரு மகள். அம்மா இல்லாத பிள்ளை. இவனுடைய மாமியார் வீட்டில் வளர்கிறாள். வேலை கிடைத்தால் வாடகைக்கு ஓர் அறை பிடிக்கலாம், அறை கிடைத்தால் மகளை அழைத்து வந்துவிடலாம். "ரூம் பாத்துட்டியாப்பா?" என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம், "பாத்துட்டே இருக்கேன்டா" என்பான். அது பொய்யில்லை. போகிற வழியில் இருக்கும் ஜன்னலையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறான்.

அப்படி நடந்தபோது, 'மெக்கானிக் தேவை' என்று பலகை தொங்கிய ஒரு ரிப்பேர் கடைக்குள் நுழைந்தான். ஜெயிலில் இருந்ததை முதலிலேயே சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

முதலாளி அசரவில்லை. டீ வரவழைத்தார். கண்களைப் பாதி மூடிக்கொண்டு, "மனுஷன்னா தப்பு பண்றதுதான் தம்பி" என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். வண்டியில் என்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தாயா, போலீஸ் எந்தப் பக்கமாக வந்தது, உள்ளே சாப்பாடு எப்படி என்று கதை கேட்டார். கேட்டுக்கொண்டே மேஜைமேல் கிடந்த தன் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். கட்டியபின் மணி பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா மாடியில என் பார்ட்னர் இருக்கார் பாருங்க, அவர்தான் கொஞ்சம் ஒரு மாதிரி."

இந்த இடத்தில் மற்றவர்கள் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மெக்கானிக் மாடி ஏறினான்.

பார்ட்னர் முதலாளியின் மச்சான்தான். "நானா? யார் சொன்னா? எனக்கு ஒண்ணும் இல்லப்பா. ஆனா கீழ கணக்கு பாக்கற அம்மா பயந்த சுபாவம்."

மெக்கானிக் இறங்கிப் போய் அந்த அம்மாவைக் கேட்டான்.

"பயமா? எனக்கா?" என்று அந்த அம்மா பேனாவை வைத்தார். "மூணு நாத்தனாரோட ஒரே வீட்ல குடும்பம் நடத்துறேன் தம்பி. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வாட்ச்மேன் பழைய காலத்து ஆளு. அவருக்கு இதெல்லாம் ஆகாது."

வாசலில் வாட்ச்மேன் கொட்டாவி விட்டு முடிக்கும்வரை மெக்கானிக் காத்திருந்தான்.

"எனக்கு என்னப்பா வந்துச்சு? வேலை தெரிஞ்சவன் வந்தா நல்லதுதான். ஆனா முதலாளி ஒத்துக்கணுமே."

ஆக, அந்தக் கடையில் யாருக்குமே ஆட்சேபணை இல்லை. வேலைதான் இல்லை. இதை எங்கே போய்ச் சொல்ல?

மெக்கானிக் முதலாளியிடம் திரும்பி வந்து, நாலு பேரையும் ஒரே அறைக்கு ஒரு நிமிஷம் வரச் சொன்னான். வந்து வரிசையாக நின்றார்கள். "யாருக்குங்க நான் வர்றதுல கஷ்டம்?" என்று பணிவாகத்தான் கேட்டான். நாலு பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். இந்த மௌனம் அவனுக்கு அத்துப்படி. போலீஸ் ஸ்டேஷனில் அவனும் சிநேகிதர்களும் இப்படித்தான் நின்றார்கள்.

"பூனை..." என்று பார்ட்னர் தொண்டையைக் கனைத்தார். "நம்ம கடைப் பூனை புது ஆளைக் கண்டா மிரளும்."

பூனை, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் மடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று முதலாளியின் முகம் மலர்ந்தது. "கஸ்டமர்" என்றார்.

நாலு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆமாம், கஸ்டமர். மெக்கானிக் என்பவன் அவர்கள் வீட்டுக்குள்ளே போய் வேலை பார்க்க வேண்டியவன். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல, கஸ்டமர் ஒத்துக்கணுமே" என்று நாலு வாயும் ஒரே குரலில் பாடின.

"கஸ்டமர் சரின்னு சொல்லிட்டா?"

"அந்த நிமிஷமே வேலை" என்றார் முதலாளி. தாராளம்தான், சொல்லத்தான் யாரும் இல்லையே என்ற தைரியம்.

"எந்த கஸ்டமருங்க?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கணக்கு அம்மாதான் வாய் தவறிச் சொன்னார்: "காலையிலேருந்து ஒருத்தர் போன் மேல போன் போடறார். மெஷின்ல தண்ணி இறங்கலையாம், உள்ள துணி ஊறி நாறுதாம்."

"அப்ப அவரையே கேட்டுடு" என்றார் முதலாளி. "ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குள்ள காலை வைக்கணும். நம்ம கடைக்குன்னு ஒரு நேர்மை இருக்கு."

மெக்கானிக் கடையின் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். எதை முதலில் சொல்வது, ஜெயிலையா மெஷினையா என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். பாதி வழியில் மகள் கூப்பிட்டாள். "சாயங்காலம் சொல்றேன்டா" என்றான். முன்பெல்லாம் 'பாத்துட்டே இருக்கேன்' என்பதோடு சரி; சாயங்காலம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. படியேறினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். மணியை அடித்தான்.

யார் வீட்டு மணி என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டு மெஷின்தானே நேற்றிலிருந்து தண்ணீர் இறங்காமல் நிற்கிறது?

கதவைத் திறந்தீர்கள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: கிடங்கு, வண்டி, நான்கு வருடம். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். நீங்கள் அந்த முதலாளி மாதிரி இல்லை, பார்ட்னர் மாதிரியும் இல்லை. இவ்வளவு நேரம் அவர்களைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்தவர் அல்லவா? "அடடா, எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று மனசாரத்தான் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, என்ன காரணமோ, ஒரு மூச்சு இழுத்தீர்கள்.

அவன் எத்தனையோ வாசல்களில் நின்று பழகியவன். பையைத் தோளிலிருந்து இறக்காமலே, உங்கள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்துவிட்டுக் கேட்கிறான்:

"உள்ள யாருங்க இருக்காங்க? அவங்ககிட்டயும் நானே கேட்டுடறேன்."

சொல்லுங்கள். வீட்டில் இப்போது உங்களைத் தவிர யாரும் இல்லை.