துண்டு போட்டு ஜெயித்த ஆட்டம்

பம்பாயில் குடியிருந்து, உட்கார இடம் கிடைக்காமல் ஒரு நாள்கூட நின்றிராத ஒரே மனிதன் எங்கள் துண்டுதான்.

அவனுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. மாதுங்காவில் நாங்கள் தங்கியிருந்த மெஸ்ஸில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. பேண்ட், முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் தோளில் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டு. முலுண்டிலிருந்து பிதுங்கி வரும் காலை வண்டி மாதுங்காவில் நிற்பதற்கு முன்பே அந்தத் துண்டு ஜன்னல் வழியாக உள்ளே பறந்திருக்கும். பின்னாலேயே அவனும் நுழைந்து, எங்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, கடைசி ஓரத்தில் ஒட்டிக்கொள்வான்.

ரயிலோடு விட்டானா? சலூன் நாற்காலியில் துண்டு. கச்சேரியில் முன்வரிசையில் துண்டு. ஒருமுறை முன்பின் தெரியாத கல்யாணத்தில், முதல் பந்தியில் எங்கள் மெஸ் மொத்தத்துக்கும் துண்டு!

"யாருடா இவாள்ளாம்?" என்றார் சம்பந்தி.

"துண்டு போட்டிருக்கு, பாக்கலையா மாமா?" என்றான்.

சம்பந்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டாம் பந்திக்குப் போனார்.

இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு நாங்கள் சாஃப்ட்பால் ஆடினோம் என்பதுதான் விஷயம். யுத்தம் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் கப்பலேறியபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த ராமசேஷன் கையில் ஓர் உருண்டை மட்டையையும் பெரிய சாத்துக்குடி அளவில் ஒரு பந்தையும் திணித்துவிட்டுப் போனார்கள். மட்டையைக் கொண்டுவந்ததால் அவனே கேப்டன். மண் நிரப்பிய சாக்குகளை நாலு மூலையில் போட்டோம். அவைதான் பேஸ். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு பேஸாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். ஒரு பேஸில் ஒருத்தன்தான் நிற்கலாம். அந்தக் கடைசி பேஸுக்கு 'வீடு' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று வாரம் முழுக்கத் துடித்தோம்!

துண்டு அடிப்பான், பிரமாதமாக ஓடுவான், இரண்டாம் பேஸை அடைவான். அடைந்ததும் சாக்கின்மேல் துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். அதற்குமேல் அவனை நகர்த்த யாராலும் ஆகாது.

"எழுந்து ஓடேண்டா!" என்று கேப்டன் கத்துவான்.

"கிடைச்ச இடத்தை விட்டுட்டு எழுந்துக்கறதா? உனக்கென்ன பைத்தியமா?"

சீசன் முழுக்க அவன் ஒரு தடவைகூட வீடு வந்து சேரவில்லை. மழைக்கு முந்தைய கடைசி ஆட்டம் தாராவி டீமோடு என்று முடிவானதும் ராமசேஷன் பொறுமை இழந்தான்.

"ஞாயித்துக்கிழமையும் நீ வீடு வந்து சேரலைன்னா, அப்புறம் டீம்ல உனக்கு இடம் கிடையாது. சொல்லிட்டேன்."

துண்டின் முகம் தொங்கிப்போனது. மறுநாள் காலை வண்டி வந்தது. துண்டு தோளிலேயே கிடந்தது. வீச மறந்துவிட்டான்! நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே ஆபீஸ் போனோம். ஆரம்பத்தில் 'ஒரு நாள்கூட' என்றேனே, அதிலிருந்து இந்த ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்தவனுக்கு டீமில் இடமில்லையா!

ஞாயிறும் வந்தது. தாராவித் தோல் பட்டறைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? எங்கள் பந்து பிய்ந்தபோதெல்லாம் தைத்துக் கொடுத்ததே அவர்கள் கேப்டன் சுடலைமுத்துதான். ஆட்டம் சரிசமம். எங்களுக்குக் கடைசி வாய்ப்பு. இரண்டாம் பேஸில் யார்? துண்டு. சம்மணம்!

ராமசேஷன் ஓங்கி அடித்தான். பந்து மைதானத்தைத் தாண்டிச் சாக்கடையோரப் புதரில் போய் விழுந்தது. நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். துண்டு எழுந்திருக்கப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்துவிட்டான். அதற்குள் ராமசேஷனே முதல் பேஸைத் தாண்டி அவன் தலைமாட்டில் வந்து நின்றான்.

"நகருடா!"

துண்டு நகர்ந்தான். சாக்கின் ஓரத்துக்கு! "உக்காரு, ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்."

ராமசேஷன் அழுதேவிட்டான். அங்கே பந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, என் கழுத்தில் கிடந்த துண்டை உருவி 'வீடு' மேல் வீசினேன்.

"துண்டு! உனக்கு இங்கே இடம் போட்டாச்சுடா! ஓடி வா!"

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு எழுந்தான் பாருங்கள்! மூன்றாம் பேஸை, நிற்காத வண்டி சின்ன ஸ்டேஷனைக் கடப்பதுபோல் மிதித்துக் கடந்தான். புதரிலிருந்து பந்தும் பறந்து வந்தது. சுடலைமுத்து அதை அழகாகப் பிடித்தான். எங்கள் ஆட்ட விதிப்படி, பந்தோடு 'வீடு' மேல் காலை வைத்தால் துண்டு அவுட். சுடலை காலைத் தூக்கினான். கீழே பார்த்தான். என் துண்டு கிடந்தது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றுவிட்டது!

அந்த ஒரு நொடியில் எங்கள் ஆள் பாய்ந்து வந்து பொத்தென்று உட்கார்ந்தான். ரன்!

"ஏல சுடலை, மிதிக்க வேண்டியதுதானல?" என்று அவன் ஆட்கள் பாய்ந்தார்கள்.

"துண்டு கெடக்குல்லா! ஆள் வருதுன்னுல்ல அர்த்தம்? எப்டில மிதிக்க?" என்றான் சுடலை, தினமும் லோக்கல் ரயிலில் போய்வருகிற நியாயஸ்தன்.

நாங்கள் குதித்துக் கூத்தாடினோம். ராமசேஷன் ஓடிவந்து, "டீம்ல உன் இடத்தை எவனும் தொட முடியாதுடா!" என்று அவனைக் கட்டிக்கொண்டான். துண்டு மட்டும் எழுந்திருக்கவில்லை. அடியில் கிடந்த என் துண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருடா போட்டா?"

"நான்தான்."

"எனக்குன்னு ஒருத்தர் இடம் போட்டு வச்சது இதாண்டா முதல் தடவை" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பிற்பாடு கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனான். போகும்போது என் துண்டையும் கொண்டுபோய்விட்டான். இன்றும் மாதுங்காவில் வண்டி ஏறினால், பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுவிட்டுத்தான் நான் உட்காருவது. யாராவது வருகிறார்களா என்று கேட்பவர்களிடம், "வருவான்" என்கிறேன்.