எவால்டோ ஒருபோதும் தோற்றதில்லை

உலகத்தில் தோற்கவே தோற்காத ஓர் இனம் உண்டு. அரசர்கள் அல்ல, தளபதிகள் அல்ல. போக்கர் போட்டிகளே தொழிலென்று வாழும் சீட்டாட்டக்காரர்கள். இவர்களை இதுவரை யாரும் வென்றதில்லை. சந்தேகமென்றால் அவர்களையே கேளுங்கள். சீட்டு சதி செய்திருக்கும், எதிரில் உட்கார்ந்தவன் மடையனாக இருந்திருப்பான், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடித்திருக்கும். தோல்வியா? அது மற்றவர்களுக்கு வருவது.

குரிச்சிபா நகரில் இந்த இனத்துக்கு எவால்டோவைவிட உத்தமமான மாதிரி கிடைக்காது. மாட்டு மருந்து விற்கும் வேலையை உதறிவிட்டு ஆட்டத்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில், அதுவும் மூடிய அறைக்குள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்தப் பாட்டும் ஓடாத ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, பந்தய வில்லைகளை விரலிடுக்கில் உருட்டியபடி, பக்கத்து ஆள் மூக்கைச் சொறிந்தால்கூட அதன் உட்பொருளை ஆராய்வார். ஊரார் முகத்தையெல்லாம் படித்துவிடுவார். மனைவி முகத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது மட்டும் கண்ணில் படாது.

போட்டியிலிருந்து வெளியேறியதும் நேரே சீட்டாட்டக் கிளப்பின் சிற்றுண்டிக் கடைக்குப் போவார். அங்கே நெய்டே என்கிற அம்மாள் உள்ளே பூரணம் வைத்த பாஸ்தெல் பொரித்துக்கொண்டிருப்பாள்.

"சொன்னா நம்ப மாட்டே, நெய்டே. என் கையில ரெண்டு ஆஸ். ரெண்டு ஆஸ்!"

"கறி வெச்சதா, சீஸ் வெச்சதா?"

"எதிர்ல ஒருத்தன், ஒண்ணுமில்லாத சீட்டை வெச்சுக்கிட்டு, கடைசி சீட்டுல ஜெயிக்கிறான்! நான் எதாவது தப்பா ஆடினேனா, நீயே சொல்லு."

"அப்ப சீஸே போடறேன்."

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எவால்டோவுக்கு இந்த ஆட்டத்தின்மேல் இருந்தது உண்மையான காதல். சீட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்க்கும் அந்தக் கணத்தில் அவர் அடைந்த மகிழ்ச்சியை மாட்டு மருந்து ஒரு நாளும் கொடுத்ததில்லை. மனைவி ஜுராசிக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் பதினொரு வருடம் பொறுத்தாள். ஒரு நாள் காலைக் காப்பியின்போது பொறுமை தீர்ந்தது.

"மாநிலப் போட்டி வருதில்ல? அதுல ஜெயிச்சா இன்னும் ஒரு வருஷம் ஆடு. இல்லேன்னா திங்கக்கிழமை எங்கண்ணன் தீவனக் கடையில போய் உக்காரு."

"அதிர்ஷ்டம் என் கையிலயா இருக்கு, ஜுரா?"

ஜுராசி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "செவுத்துல முட்டினவங்கள்ல கிளட்ச்சைத் திட்டாத ஆளை நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மாநிலப் போட்டி மூன்று நாள் நடந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர் ஆடியதில், ஞாயிறு பிற்பகல் மிச்சமிருந்தவர்கள் இருவர்: எவால்டோவும், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒடாயிரும். ஒடாயிரும் இதே இனம்தான். அவரும் தோற்றதே இல்லை. இருவரிடமும் இருந்த வில்லைகள் ஏறக்குறையச் சமம்.

மேசை நடுவில் நான்கு சீட்டுகள் திறந்து கிடந்தன. அவற்றில் மூன்று ஹார்ட்டின். எவால்டோவின் கையிலிருந்த இரண்டும் ஹார்ட்டின். ஐந்தும் ஒரே ரகம்! தீவனக் கடை கண்ணை விட்டு மறைந்தது. வில்லை மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். ஒடாயிர் ஒரு விநாடிகூட யோசிக்காமல் தன்னுடையதையும் தள்ளிவிட்டு, கையிலிருந்த இரண்டு ராஜாக்களைக் காட்டினார்; மேசையிலிருந்ததோடு சேர்த்து மூன்று. ஒரே ரகம் ஐந்துக்கு முன்னால் மூன்று ராஜா செல்லாது. எவால்டோ புன்னகையோடு தன் சீட்டைத் திருப்பினார்.

ஒன்று ஹார்ட்டின். மற்றது டைமண்ட். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்புதானே?

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். டைமண்ட் டைமண்டாகவே இருந்தது. சீட்டுப் போடுபவர் ஐந்தாவது சீட்டைத் திறந்தார்.

ஹார்ட்டின் நாலு. இப்போது நிஜமாகவே ஐந்து ஹார்ட்டின்.

கைதட்டல், கோப்பை, புகைப்படம். புகைப்படம் முடிந்து எவால்டோ திரும்பிப் பார்த்தால் கூட்டத்தைக் காணோம். எல்லாரும் சிற்றுண்டிக் கடையில் ஒடாயிரைச் சுற்றி நின்றார்கள்.

"மூணு ராஜா வெச்சிருக்கேன், நெய்டே! அந்தக் கழுதைக்கு ஹார்ட்டினுக்கும் டைமண்டுக்கும் வித்தியாசம் தெரியல!"

பதினொரு வருடமாக யார் கதைக்கும் காது கொடுக்காத நெய்டே அடுப்பை அணைத்தாள். "அடப் பாவமே! இந்தா, இது ஓசி" என்று ஒரு பாஸ்தெலை நீட்டினாள்.

எவால்டோ கோப்பையை அணைத்துக்கொண்டு தனியாக நின்றார். தான் இத்தனை காலம் சொன்ன கதைகளில் எதிர்ப்பக்கம் ஒரு மடையன் உட்கார்ந்திருப்பானே, இன்று அந்த நாற்காலியில் இருந்தது யார் என்று அவருக்குப் புரிந்தது.

ஜுராசி காரில் வந்து கூட்டிப்போனாள். சந்தோஷத்தில் அவள் கண் கலங்கியிருந்தது. "எப்படி ஜெயிச்சே? சொல்லேன்."

"பொறுமைதான். அப்புறம் எதிராளி மனசைப் படிக்கிறது..."

"அது சரி. கையில என்ன சீட்டு இருந்துச்சு?"

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. எவால்டோ கோப்பையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தார். பிறகு நடந்ததை அப்படியே சொன்னார். ஜுராசி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்த சிரிப்பில், பச்சை விழுந்து, பின்னால் பத்து வண்டிகள் ஹார்ன் அடித்தன. கடைசியில் எவால்டோவுக்கும் அடக்க முடியவில்லை.

"ஒரு வருஷம் கெடைச்சாச்சு, ஆடு" என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா இனிமே தோத்தா, தோத்தேன்னு சொல்லணும்."

அடுத்த வாரப் போட்டியில் வெளியேறியதும் எவால்டோ கடைக்குப் போய், "தப்பா ஆடிட்டேன், நெய்டே" என்றார். அவள் பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ஞானம் மொத்தம் பன்னிரண்டு நாள் நீடித்தது. பதின்மூன்றாம் நாள் சீட்டு மறுபடியும் சதி செய்யத் தொடங்கிவிட்டது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். பதவி உயர்வு கிடைக்காதபோது நீங்கள் மேலதிகாரியைக் குறை சொன்னதில்லை. பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தபோது வினாத்தாளைத் திட்டியதில்லை. எனக்குத் தெரியும். ஒரே ஒரு சந்தேகம்தான்: நீங்கள் கடைசியாகத் தோற்றது எப்போது?

"அதைத் தோல்வின்னு சொல்ல முடியாதுங்க, நடந்தது என்னன்னா..."

ஆரம்பித்துவிட்டீர்கள், பாருங்கள்.