கேட்காத சத்தம்

பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டதும் ஏசுதாசன் சட்டென்று பாட்டை நிறுத்தினார். பூசைப் பாட்டைத்தான் முணுமுணுத்தார். அவ்வளவு மோசமாகவா பாடுகிறோம்?

பாட்டு நின்றும் கைகள் இறங்கவில்லை. அப்படியென்றால் எதிரே ஓடும் கலவை மிஷின்தான் கத்துகிறது!

தோட்டத்து ரப்பர் மில்லில் பல வருடம் நின்றதில் அவர் காது முக்கால்வாசி போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பார். எண்பத்துமூன்றாம் ஆண்டில் மில்லையும் மூடிவிட்டார்கள். அதே தோட்டத்து மருதம்மாள்தான், தான் தேநீர் போடும் லூனாஸ் ஊர் ஃபைபர் தண்ணீர்த்தொட்டிக் கம்பெனிக்கு அவரைக் கூட்டிவந்தாள்.

தொட்டிக்கான பிசினில் மாவைவிட நைசான தூளைக் கொட்டினால் கட்டிகட்டியாய் நிற்கும். மிஷின் கம்பியை உள்ளே விட்டால், ஒலியே கட்டியை உடைத்துக் கலந்துவிடும்.

"காதுக்கே எட்டாத சத்தம்ணே. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு," என்றிருந்தார் சூப்பர்வைசர் மனோகரன், முதல் நாளே.

ஏசுதாசனுக்கு மனம் குளிர்ந்தது. யாருக்குமே கேட்காது என்றால் தான் செவிடு என்ற குட்டு எப்படி உடையும்?

இப்போது உடையப் பார்க்கிறது. இன்று தேறினால்தான் வேலை நிரந்தரம்.

சத்தத்தை அடக்கப் பிசின் டின்னை நகர்த்தினார். கம்பி டின்னில் உரசியது. இரண்டு பேர் வெளியே ஓடினார்கள். டின்னைச் சுற்றிக் கோணிச் சாக்கைக் கட்டினார். பிசின் சூடேறிப் புகைந்தது. பதறிப்போய் மருதம்மாளின் ஐஸ் வாளியைப் பிடுங்கி டின்னை அதற்குள் இறக்கினார். புகை அடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் கொட்டகையில் ஓர் ஆள்கூட இல்லை.

மனோகரன் வந்து மிஷினை நிறுத்தினார். காதிலிருந்த பஞ்சை எடுத்தார். குச்சியால் பிசினைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கட்டிகூட இல்லை.

"சத்தம் எப்படிண்ணே?"

"நல்லாக் கேட்டுச்சு சார்!"

மனோகரன் முகம் வாடியது. "நெசமாவா?"

போதவில்லை போலிருக்கிறது என்று ஏசுதாசன் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். "ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்லா சார்!"

மனோகரன், தன் பின்னால் கேத்தலோடு வந்து நின்ற மருதம்மாள் பக்கம் திரும்பினார். "என்னாக்கா இது? நீங்க சொன்னது ஒண்ணு, இவரு சொல்றது ஒண்ணு!"

வேலை போச்சு என்று ஏசுதாசனின் கண் கலங்கியது.

மருதம்மாள் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தாள். ஏசுதாசனின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்:

"கெடுத்துப்புடாதீங்கண்ணே! முந்தி வந்தவனுங்க எல்லாம் காது வலின்னு ஓடிட்டானுங்க. செவிட்டு ஆளா ஒருத்தரைக் கொண்டாங்கன்னு சார் கெஞ்சினதாலதான் உங்களையே கூட்டியாந்தேன்!"