பத்து இருபதுக்குத் திட்டினேன்

குன்னூர் பஜாருக்குள் காட்டெருமை புகுந்தால்கூட நாங்கள் கடையைச் சாத்துவதில்லை; ஓரமாக நின்று வழிவிடுவோம். டைம்காரர் வருகிறார் என்றால் மட்டும் பாதிப்பேர் ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

ஆம்புலன்ஸில் வரும் டெக்னீஷியன் அவர். மேட்டுப்பாளையத்துக்காரர். வண்டி எங்கள் பஜார் முனையில்தான் நிற்கும். அழைப்பு இல்லாத நேரத்தில் டீ குடிக்க வருகிறவர், குடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? போகமாட்டார். கடை கடையாக நின்று ஆளைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். "ஒம்பது பத்து. நல்லாருக்கீங்க!" என்று உரக்க அறிவித்து, அதைப் பேனாவால் தன் இடது புறங்கையில் எழுதிக்கொள்வார்.

"ஏனுங்க, இது என்ன வியாதி உங்களுக்கு?" என்று என் ஸ்வெட்டர் கடை வாசலில் ஒருநாள் மடக்கினேன்.

"வியாதி இல்லீங்க, எங்க தொழில்ல முதல் கேள்வியே இதுதானுங்க. கடைசியா நல்லாருந்த நேரம். பக்கவாதத்துல ஒருத்தரு தனியா விழுந்தா, எப்ப விழுந்தாருன்னு யாருக்குத் தெரியும்? கடைசியா நல்லாருந்தப்ப பார்த்தது எப்பன்னு தெரிஞ்சாத்தான், ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடலாமா, நேரம் தாண்டிருச்சான்னு டாக்டர் முடிவு பண்ணுவாருங்க."

சரி, நோயாளியைக் கேட்கட்டும். ரிப்பேருக்கு வந்த மிக்சியையுமா? "கடைசியா எப்ப நல்லா ஓடுச்சுங்க?" பக்கத்துப் பேக்கரி பாயின் மருமகன் மனைவியோடு சண்டைபோட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேரும் கடைசியா எப்ப நல்லாருந்தீங்க?" என்று அவரையும் கேட்டுவிட்டார். அந்த மனிதர் யோசித்து யோசித்து, மத்தியான பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. போணியாகாத எரிச்சலில் இருந்தேன். "பத்து இருபது. நல்லாருக்கீங்க!" என்றார்.

"யோவ், வேற பொழப்பே இல்லையா உனக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன். நீ நின்னா யாவாரம்தான் படுத்துக்குது, எடத்தைக் காலி பண்ணு!"

புறங்கையில் எழுதிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரை மடிக்கப் போனேன். வலது கை வரவில்லை. அப்படியே கல்லாவுக்குப் பின்னால் சரிந்தேன். பன்னிரண்டரைக்குச் சில்லறை கேட்டு வந்த பாய்தான் பார்த்துக் கத்தினார். வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடித்து, டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "கடைசியா எப்ப நல்லாருந்தாரு?"

"நேத்து சாயங்காலம் பேசுனாருங்க" என்றார் பாய், அழமாட்டாத குறையாக.

ஐயோ, இல்லை! அதை எழுதிவிட்டால் ஊசி கிடையாது. சொல்ல வாயைத் திறக்கிறேன், கோணிக்கொண்டு காற்றுதான் வருகிறது. அவ்வளவு பயம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டிலிருந்து ஒரு புறங்கை நீண்டது.

"பத்து இருபதுங்க டாக்டர். நல்லாருந்தாரு. மூணு வாக்கியம் என்னைத் திட்டுனாருங்க, ஒரு எழுத்துக் குளறலை."

"என்னன்னு திட்டினாரு?"

நர்ஸுகள் முன்னால் முழுவதையும் ஒப்பித்தார். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகக் கண்ணில் வழிய, எனக்கு ஊசி ஏறியது.

இப்போது வலது கை மெதுவாக ஸ்வெட்டர் மடிக்கிறது. டைம்காரரைக் கூடலூருக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் பத்து இருபதுக்குப் போன் போட்டு அதே மூன்று வாக்கியத்தைத் திட்டுகிறேன். கடைசி எழுத்துவரை கேட்டுவிட்டு, "நல்லாருக்கீங்க" என்பார்.

சனிக்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. கேஸில் இருந்திருப்பார், தெரியும். இருந்தாலும் எனக்கு வியாபாரம் ஓடவில்லை. பதினொன்றரைக்கு எடுத்து, "சொல்லுங்க" என்றார். அன்றைக்குத் திட்டவில்லை.

"பதினொண்ணரை" என்றேன். "நல்லாருக்கீங்க."