ரூபாயை முகர்ந்து பார்த்த நைலான் அண்ணாத்த

ரூபாய் நோட்டை மீனைப் போல முகர்ந்து பார்த்து வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கட்டுமரம் ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் 'நைலான் அண்ணாத்த'.

மீன் விற்ற காசு கைக்கு வந்ததும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி, அதை வலை பின்னும் நைலான் நூலாக மாற்றிவிடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் விலைவாசி ஏறிய வேகத்தில், டீக்கடையில்கூடக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

"குடிச்சி முடிக்கிறதுக்குள்ள வெல ஏத்திட்டான்னா இன்னா பண்றது?"

குடிசை முழுக்க நூல்கண்டு. அவர் மனைவி வாசலில் சமைத்து, வாசலிலேயே தூங்கினார்.

நான் அங்கே வங்கிக் கிளையில் புது அதிகாரி. பொருளாதாரம் படித்த திமிர் வேறு.

"அண்ணாத்த, நூலை வித்து டெபாசிட் போடுங்க. வட்டி வரும்."

"துட்டும் மீனும் ஒண்ணு சார். வெச்சிக்கினு இருந்தா நாறிப்பூடும். நூலு நாறுமா?"

"நாட்டுக்கே பெரிய வங்கி ஒண்ணு இருக்கு. அது வட்டியை ஏத்தினா கடன் வாங்கறது குறையும், விலை இறங்கும்."

"அதுக்கு நம்ம குப்பம் எங்க கீதுன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா விலை இறங்கும்."

"நீ சொல்றியா சார்?"

"நான் சொல்றேன்."

விற்றார். புதுக் கட்டுமரத்துக்காகப் பல வருடம் சேர்த்த நூல் அது. பழைய மரம் நீர் ஊறிப் பாதி மூழ்கியபடிதான் மிதந்தது. எங்கள் கிளைக்கு டெபாசிட் இலக்கு இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரே வருடத்தில் அரிசி, மண்ணெண்ணெய், மரம் எல்லாம் எகிறின. பெரிய வங்கி யோசித்து யோசித்து வட்டியை ஏற்றியபோது இவருடைய டெபாசிட் முதிர்ந்தே விட்டது. வட்டியும் முதலுமாகச் சேர்த்துக் கொடுத்தாலும் இரண்டு கட்டைதான் கிடைக்கும் என்றார் மரக்கடைக்காரர். இரண்டு கட்டையைக் கட்டிக்கொண்டு யாரும் கடலுக்குப் போக முடியாது.

"பேஜாரா பூட்ச்சி சார்" என்றார். அவ்வளவுதான். பழைய மரத்தை விறகுக்குப் போட்டுவிட்டு, இன்னொருவர் மரத்தில் கூலிக்குத் துடுப்புப் போடப் போனார்.

அடுத்த வருடம் விலைகள் உண்மையாகவே இறங்கின. நான் படித்த பாடம் சரிதான். அது பலிக்க எத்தனை மாதம் ஆகும், அதுவரை யார் தாங்குவார் என்பதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. ஐம்பது வருடமாகியும் அதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை.

விலை இறங்கிய அந்த வருடமே மன்னிப்புக் கேட்கக் கரைக்குப் போனேன். யாருடைய மரத்தையோ மணலில் இழுத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கூட இருந்தவர்களிடம் கத்தினார்:

"டேய், வெல எறங்கும்னு அன்னிக்கே ஒர்த்தர் சொன்னாருன்னேனே, அந்த சார் இவருதான்டா!"

நான் படித்த படிப்புக்காக இந்த உலகத்தில் பெருமைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.