ஜாக்கிரதையும் திருஷ்டிப் பூசணிக்காயும்

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே எந்த வாழைப்பழத் தோலும் அவருடைய அனுமதி இல்லாமல் யாரையும் வழுக்கிவிட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் எங்கள் 'ஜாக்கிரதை'. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ராணுவ லாரிகளுக்கு உதிரி பாகம் சேர்த்துவைக்கும் எங்கள் டிப்போவில் அதை யாரும் விசாரிக்கவில்லை. காலையில் குட்மார்னிங்குக்குப் பதிலாக "ஜாக்கிரதை" என்று சொல்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நான் அங்கே டைப்பிஸ்ட். அவர் பாதுகாப்புப் பிரிவு கிளார்க். அந்தப் பிரிவே அவர் ஒருத்தர்தான். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்.

"இன்னா அண்ணாத்த, துன்றப்ப கூடவா?" என்று டிரைவர் முனுசாமி கேட்பான்.

"நீ துன்றேன்னு ஃபேனுக்குத் தெரியுமா?" என்பார்.

ஒருமுறை எல்லோரும் மாமல்லபுரத்துக்குப் பிக்னிக் போனோம். நாங்கள் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, இவர் எங்கிருந்தோ செங்கல்லைத் தூக்கிவந்து, லாரிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது போலப் பாறைக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார்.

"ஆயிரம் வருசமா அப்டியே நிக்குது அண்ணாத்த!" என்றான் முனுசாமி.

"அதாண்டா பயமா கீது. ஆயிரம் வருசம் நின்னா காலு வலிக்காது?"

காவலாளி வந்து செங்கல்லோடு சேர்த்து எங்களையும் வெளியே அனுப்பினார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் அவரைக் கேலி செய்ததில்லை. சதுரங்கப்பட்டினத்து ஏகாம்பரம் அவருடைய சிநேகிதர், டிப்போவில் லோடுமேன். பல வருஷம் முன்னால் ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று அவர் காலை வாங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அதே ரக லாரி, அதே மாதிரி ரிவர்ஸில், அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வேறொரு டிப்போவிலும் ஒருவர் காலை வாங்கியிருக்கிறது. அந்தச் செய்தி அந்த டிப்போ காம்பவுண்டைத் தாண்டவே இல்லை.

"அங்க நடந்தது இங்க தெரிஞ்சிருந்தா, அவன் இன்னிக்கி ரெண்டு காலோட சுத்திகினு இருப்பான்" என்பார் ஜாக்கிரதை. சொல்லிவிட்டு, ஹெல்மெட் வாரை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய காலத்தில் அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது. எந்த டிப்போவில் யார் சறுக்கினாலும், எந்த லாரிக்குப் பிரேக் மக்கர் செய்தாலும் அது கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். எல்லா டிப்போவும் பார்க்க வேண்டும். அந்த 'சிஸ்டத்துக்கு' மேலிடம் நிதி ஒதுக்க வேண்டும். வருஷம் தவறாமல் கேட்டார். வருஷம் தவறாமல் ஒரே பதில் வந்தது: 'தங்கள் டிப்போவில் சமீப காலத்தில் விபத்தே இல்லை. எனவே விபத்தைத் தடுக்க நிதி ஒதுக்க முகாந்திரம் இல்லை.'

"தடுத்ததுக்கு தண்டனையா? பேஜாரா போச்சுப்பா!" என்று ஹெல்மெட்டிலேயே அடித்துக்கொண்டார்.

முனுசாமிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணாத்த, ஒனக்கோசரம் நான் மாடிப்படில உருளட்டா?"

ஜாக்கிரதை நிஜமாகவே யோசித்தார். "சரி, உருளு. ஹெல்மெட் போட்டுக்கோ. கைப்புடிய கெட்டியா புடிச்சிகினு உருளு."

"புடிச்சிகினு எப்டி உருள்றது?"

"அப்ப வாணாம்."

அவர் ஓய்வு பெறவிருந்த வருஷம், நேரில் பார்த்து முடிவு செய்ய மேலிடத்திலிருந்து ஒரு கர்னல் வருவதாகத் தகவல் வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு. கர்னல் வரும் நாளில்தான் டிப்போவில் ஆயுத பூஜை.

ஆயுத பூஜை என்றால் லாரி முதல் என் டைப்ரைட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கடைசியில் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். உடைத்த மறுகணமே ஜாக்கிரதை துடைப்பமும் சாம்பலுமாகப் பாய்வார். "விபத்து வரக் கூடாதுன்னு விபத்தையே ரோட்ல போட்டு ஒடைக்கிறீங்களே, நியாயமா இது?" என்று வருஷா வருஷம் திட்டுவார்.

அந்த வருஷம் முனுசாமி ஒரு திட்டம் போட்டான். "கர்னலாண்ட பேச வேண்டியத உள்ள குந்தி ஒத்திகை பாரு. வாசல நான் பெருக்கிக்கிறேன்" என்று அவரை ரூமுக்குள் அனுப்பிவிட்டு, உடைத்த பூசணியை வாசலிலேயே விட்டு, துடைப்பத்தை ஒளித்துவைத்தான். என் காதில் மட்டும் சொன்னான்: "ஒரே சறுக்கு. கர்னல் எய்ந்திரிக்கறதுக்குள்ள துட்டு சாங்ஷன்!"

ஜீப் வந்தது. பளபளக்கும் பூட்ஸோடு கர்னல் இறங்கினார். ஜன்னல் வழியாக ஜாக்கிரதை எட்டிப் பார்த்தார். பூசணியைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். பேசாமல் நின்றிருந்தால் போதும், காலமெல்லாம் கேட்ட சிஸ்டம் தானாக வந்திருக்கும்.

"சார்! பூசணி! சார்!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

கர்னல் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். ஜாக்கிரதையால் நிற்க முடியவில்லை. பூசணிச் சதையில் கால் வைத்தவர், கர்னலைக் கடந்து, ஜீப்பைக் கடந்து, கொடிக்கம்பத்தில் மோதி விழுந்துதான் நின்றார். கை முறிந்தது. நாங்கள் பதறி ஓடினோம்.

"யாரும் ஓடாதீங்க! நடந்து வந்து தூக்குங்க!" என்றார் படுத்தபடியே.

யார் இந்த ஆள் என்று கர்னல் கேட்டார். "பாதுகாப்புப் பிரிவு, சார்" என்றேன். அவர் கொடிக்கம்பத்தையும் ஜாக்கிரதையையும் மாறி மாறிப் பார்த்தார். பாதுகாப்புப் பிரிவுக்கே இந்தக் கதியென்றால் மற்றவர்கள் கதி என்ன என்று நினைத்தாரோ என்னவோ, நிதி வந்துவிட்டது.

சிஸ்டம் வந்தது. முதல் விபத்தை, கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு அவரே சொல்ல, நான் டைப் அடித்தேன்.

"காரணம்?"

"பூசணிக்கா."

"யார் தப்பு?"

பக்கத்தில் முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான். ஜாக்கிரதை அவனை ஒரு பார்வை பார்த்தார். "என் தப்பு. ஓடினேன். ஓடக் கூடாது."

அவர் ஓய்வு பெறும் வாரத்தில், வடக்கே பனி பெய்யும் ஊர் டிப்போ ஒன்றிலிருந்து பதில் வந்தது: 'தங்கள் எச்சரிக்கை கிடைத்தது. எங்கள் சமையலறையில் பூசணிக்காய் சமைப்பதை உடனே நிறுத்திவிட்டோம். வீரர்கள் மிகவும் நன்றி தெரிவிக்கிறார்கள்.'

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். கண் நிறைந்துவிட்டது.

"பாத்தியாடா? இங்க வுழுந்தது அங்க தெரிஞ்சிடுச்சி. ஏகாம்பரத்தாண்ட சொல்லணும்" என்று சொல்லி, அப்போதே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறப் போனார்.

இப்போதும் ஆயுத பூஜை நாளில் செங்கல்பட்டுத் தெருவில் பூசணித் துண்டைக் கண்டால், வண்டியை நிறுத்தி, அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் போகிறேன். ஓடுவதில்லை, நடந்து போய்த்தான் தள்ளுகிறேன். ஓடினால் அவருக்குப் பிடிக்காது.