சிவப்பு விளக்கு எரியவில்லை

எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவன் பிழைவிட மாட்டான் என்று நாற்பத்தொன்பது வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில், பகல் பன்னிரண்டு பத்துக்குச் செத்தது. (நேரத்தையும் எழுதிவைத்திருக்கிறேன்.)

அத்தான் கிளிநொச்சிக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அதற்குச் சற்று முன் அக்காவின் போனுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார்: "இஞ்சாரும், ஓமந்தையிலை நிக்கிறன். வரச் சுணங்கும். என்னைப் பாத்துக்கொண்டிராமல் நீர் சாப்பிடும்."

ஒன்பது வினாடி. அவர் குரலில் மிஞ்சியது அவ்வளவுதான். அந்தப் போனும் சாகக் கிடந்தது. பற்றரி வீங்கி, ஸ்பீக்கர் போய், வேறு போனுக்கு அனுப்பவும் வழியில்லாமல், ஹெட்போன் துளையில் மட்டும் சத்தம் வந்தது.

"தம்பி, அந்தியேட்டிக்கு ஒருக்கா அவர்ரை குரலைக் கேக்கவேணும்," என்றாள் அக்கா. வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

என்னிடம் ஒரு பழைய சாம்பிளர் இருக்கிறது. எந்தச் சத்தத்தையும் பிடித்து, கட்டையை அழுத்தினால் திருப்பித் தருகிற கீபோர்ட். திருவிழா இசைக்குழுவில் வாசித்த காலத்திலிருந்து காப்பாற்றி வருகிறேன்.

"அப்பா, என்ரை லப்ரொப்பிலை பிடிப்பம். ஒரு நிமிச வேலை," என்றாள் மகள்.

"அதிலை உயிர் இராது பிள்ளை," என்றேன். (செத்த வீட்டில் சொன்ன வார்த்தை.)

நல்ல தரத்தில் பிடித்தால் என் சாம்பிளரில் ஐந்து வினாடிக்குத்தான் இடம். கசற் காலத்தில் இதற்கொரு வழி வைத்திருந்தோம். நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பிடிப்போம். குரல் கீச்சிடும், இடம் பாதிதான் போகும். பிறகு ஒரு ஸ்தாயி கீழே அழுத்தினால் வேகமும் குரலும் பழையபடி வந்துவிடும். போனிலும் இரண்டு மடங்கு வேகத்துக்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

வயர் முனைகளைத் துடைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். சத்தம் அளவுமீறினால் எரிகிற சிவப்பு விளக்கு எரியாமல், அதற்கு முந்திய விளக்குவரை சத்தத்தை ஏற்றி மூன்று முறை பிடித்தேன். மூன்றாவதோடு போன் அணைந்தது. பிறகு எழும்பவேயில்லை.

பிடித்ததை நான் கேட்டுப் பார்க்கவில்லை. முதலில் கேட்பது அக்காவாக இருக்கவேண்டும் என்று சத்தத்தை அடைத்து, விளக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டயறியில் எழுதி மகளுக்கும் காட்டினேன்: "ஒலித்தரம் மிக நன்று. இரைச்சல் இல்லை. சிவப்பு எரியவில்லை."

அந்தியேட்டியன்று படையல் முடிந்ததும், அத்தானின் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி சனம் அமைதியாக இருந்தது. அக்கா முன்கதிரையில் இருந்தாள். "அத்தான் பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கீழ்க்கட்டையை அழுத்தினேன்.

கிணற்றுக்குள் விழுந்த எருமைக்கடா ஒன்று, ஓமந்தையில் நிற்பதாகச் சொன்னது.

"ஐயோ, ஆருக்கோ உரு வந்திட்டுது!" என்று ஒரு மாமி எழும்பிவிட்டார்.

"மேலை அமத்துங்கோ அப்பா!" என்றாள் மகள். அமத்தினேன். இப்போது குரல் அத்தானுடையதேதான். ஆனால் லொத்தர்ச் சீட்டு விற்கிற ஒலிபெருக்கி வாகனம் சந்தியைக் கடக்கிற வேகத்தில் நாலரை வினாடியில் சொல்லி முடித்துவிட்டார்.

போன் நாடா அல்ல. வேகத்தைக் கூட்டினாலும் குரலை உயர்த்தாமல் வைத்திருக்கும். மகளுக்கு அது தெரியும். நான் அவளிடம் கேட்கவில்லை.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

"இந்த மனுசன் ஒருநாளும் இவ்வளவு கெதியாய்க் கதைச்சதில்லை," என்றாள் அக்கா. பிறகு, "மற்றதை இன்னொருக்காப் போடு," என்றாள்.

"அக்கா, அது அத்தான்ரை குரல் மாதிரியே இல்லை."

"குரல் ஆற்றையோ இருக்கட்டும். கதை அந்த மனுசன்ரைதான். போடு."

போட்டேன். எருமைக்கடா ஆறுதலாகச் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டாள்.

மகள் பிறகு அதைக் கணினியில் இழுத்துச் சரிப்படுத்திப் பார்த்தாள். தகரவாளிக்குள்ளிருந்து கதைப்பதுபோல வந்தது. அக்கா ஒருமுறை கேட்டாள், திரும்பக் கேட்கவில்லை.

வீட்டில் நான் வைத்த சோறு அடிப்பிடித்தால் இப்போதும், "சிவப்பு எரியேல்லையோ அப்பா?" என்கிறாள் மகள். நான் வேலையால் வரச் சுணங்கினால், எங்களோடேயே தங்கிவிட்ட அக்கா போன் எடுத்து, அந்த எருமைக் குரலிலேயே, "இஞ்சாரும், நாங்கள் பாத்துக்கொண்டிராமல் சாப்பிடுறம்," என்பாள். பின்னால் எல்லோரும் சிரிக்கிறது கேட்கும்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அக்காவின் சாப்பாட்டுக் கோப்பை மட்டும் சோறு படாமல், காலையில் கழுவிக் கவிழ்த்தபடியே இருக்கும்.